ஏரியையும் பாலாற்றையும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடமாக்குவது?

கேள்வி
எழுதியவர்: பாலாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையில், பாலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பதோடு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில் இருக்கிறது.

உணவுச் சங்கிலி என்றால் என்ன என்று கேட்டால், புல், மான், புலி என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடுகிறது. நம் ஊர் ஏரியில் எது எதைத் தின்று வாழ்கிறது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் அந்த வகுப்பில் பள்ளி விட்டதும் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஜிலேபி மீன் பிடிக்க ஓடும் பையன்கள் இருக்கிறார்கள். எந்த இடத்தில் மீன் நிற்கும், எந்த நேரத்தில் இரை கடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் தாங்கள் அறிந்து வைத்திருப்பதுதான் பாடம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை; அப்படித் தோன்றும்படி நாமும் கற்பிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆண்டுதோறும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஓவியப் போட்டியும் மரக்கன்று நடுதலும் நடக்கின்றன. ஓவியங்களில் பூமி உருண்டை கண்ணீர் விடுகிறது. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை வெயிலில் கருகிவிடுகின்றன. இவற்றால் பிள்ளைகள் மனத்தில் என்ன தங்குகிறது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள் ஷூ கம்பெனிப் பேருந்தில் காலையில் ஏறி இரவில் இறங்குகிறவர்கள்; தந்தையரில் சிலர் டேனரியில் வேலை செய்கிறவர்கள். அண்மையில் நீர் மாசுபாடு பற்றிய பாடத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு என்று நான் சொன்ன மறுகணம், முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவன், "இவ அப்பா அங்கதான் டீச்சர் வேலை செய்றாரு" என்றான். பாலாற்றுக்கு நேர்ந்ததை மறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குச் சோறு போடும் தொழிலைப் பற்றி அந்தப் பெண் வெட்கப்படும்படி பாடம் நடத்தவும் மனம் வரவில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் பணியாற்றியவர்கள், அந்தத் தொழிலை அறிந்தவர்கள், தங்கள் கருத்தை விரிவாக எழுத வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடி

அம்மா, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே எழுதுவார்கள். ஏரியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் வட ஆற்காட்டுப் பகுதியில் ஆசிரியராக இருப்பவருக்கு ஏரியைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில், ஓர் ஏரியை, அதிலும் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். மதகுக்குப் பக்கத்தில் கரை தாழ்ந்திருக்கும் இடமாக இருந்தால் நல்லது. மாதம் ஒரு முறை அதே இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அமிர்திக்கோ ஏலகிரிக்கோ சுற்றுலா போய் வருவதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒரு சூழல் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும். தலைமையாசிரியரின் எழுத்துமூல அனுமதி, பெற்றோர் ஒப்புதல், துணைக்கு ஊர்ப் பெரியவர் இருவர், தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவை இல்லாமல் போகவே கூடாது. தூர் வாரிய ஏரிகளில் கரையோரமே ஆள் உயரப் பள்ளம் இருக்கும்.

அங்கே போனதும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் உட்காரச் சொல்லி, பார்ப்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். மடையான் கொக்கு ஒன்று கரையில் நிற்கும். நிற்கும்போது மண்ணின் பழுப்பு நிறத்தில் இருப்பதால் பாதிப் பிள்ளைகளுக்குக் கண்ணிலேயே படாது, பறந்ததும் இறக்கை முழுவதும் வெள்ளையாக விரியும். ஏன் நிற்கும்போது பழுப்பு, ஏன் அத்தனை நேரம் அசையாமல் நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பின்னோக்கிப் போகலாம். கொக்கு மீனையும் தவளையையும் பிடிக்கிறது. மீன் சிறு பூச்சிகளைத் தின்கிறது. தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்கிறது. தட்டானின் இளம்பருவம் நீருக்குள்ளேயே இருந்து கொசுப் புழுக்களை வேட்டையாடுகிறது. பாசியோ வெயிலை மட்டும் நம்பி வாழ்கிறது. இவற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள், சங்கிலி என்ற சொல் போதாமல் அது வலையாகிவிடும். தூண்டில் போடும் பையன்களை எழுப்பி, மீன் வயிற்றை அறுக்கும்போது உள்ளே என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு அவர்கள்தான் வகுப்பின் ஆசிரியர்கள். ஜிலேபி மீன் 1952இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் என்பதையும், அதற்கு முன் இந்த ஏரியில் என்னென்ன மீன்கள் இருந்தன என்று தாத்தாவிடம் கேட்டு வர வேண்டும் என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

ஏரி வற்றும் காலத்தில் போகாமல் விட்டுவிடுகிறோம், அது பெரிய இழப்பு. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் சேற்றில் பெரிய நத்தைகள் கிடைக்கும். ஓட்டின் வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு, செத்துப்போன கல்லைப் போல் இருக்கும். ஒன்றை எடுத்து ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காத்திருந்தால், மூடி மெல்ல விலகி, முதலில் சதைப்பகுதியும் பிறகு உணர்கொம்புகளும் வெளியே வரும். மழை வரும்வரை உயிரை அடக்கி வைத்திருக்கும் இந்த வித்தையை நேரில் பார்த்த பிள்ளை, வற்றிய ஏரியைக் குப்பை கொட்டும் வெற்றிடம் என்று ஒருபோதும் நினைக்காது. பார்த்து முடித்ததும் நத்தையை எடுத்த இடத்தில் ஈரமான சேற்றிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகள் அறிய வேண்டும். இயற்கை என்றால் மனிதக் கை படாத காடு என்ற எண்ணத்தைப் பாடநூல் படங்கள் ஏற்படுத்திவிட்டன. நம் ஏரிகள் மனிதர் கட்டியவை. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது; இத்தனை நூற்றாண்டுகளாக அது பறவைக்கும் மீனுக்கும் வீடாக இருப்பதற்குக் காரணம், கரையை உயர்த்தி, வண்டலை அள்ளி வயலுக்குப் போட்டு, மதகைப் பழுதுபார்த்து வந்த மனிதர்கள்தாம். ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் (உபரிநீர் வழிந்தால்) அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும்; இடையில் கால்வாயை யாராவது அடைத்துவிட்டால் கீழேயுள்ள ஊர் காயும். உங்கள் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடி போனால் எங்கே போகிறது என்பதை, வரத்துக் கால்வாயின் ஓரமாகவே பிள்ளைகளை நடக்க வைத்துக் காட்டிவிடுங்கள். கால்வாயில் கிடக்கும் பிளாஸ்டிக்கும், கால்வாய் மேல் எழும்பிய சுவரும் நாம் சொல்லாமலே அவர்கள் கண்ணில் படும்.

பாலாற்றுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கடக்கிற ஆறு, பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடப்பதால் அது செத்த ஆறு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தை உலர்ந்த ஆற்று மணலால் நிரப்பி, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். மேலே தண்ணீர் தெரிவதற்குள் ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை உள்ளே போய்விடும். மணல் துகள்களுக்கு இடையே அவ்வளவு இடம் இருக்கிறது. பாலாறு தன் நீரை மணலுக்குள் வைத்திருக்கும் ஆறு. நம் முன்னோர் அந்த மணலில் ஊற்றுக்கால் (ஊற்றுநீரைக் கொண்டுபோகும் கால்வாய்) வெட்டித்தான் வயலுக்குப் பாய்ச்சினார்கள். மணலை அள்ளிவிட்டால் எது போகிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கூடவே பள்ளிக்கு அருகிலுள்ள கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் மாதந்தோறும் அளந்து, மழையளவையும் குறித்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். மழை பெய்த நாளுக்கும் கிணறு ஏறிய நாளுக்கும் உள்ள இடைவெளியில் நிலத்தடி நீர்ப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பதில் 2
எழுதியவர்: சுத்திகரிப்பு நிலையப் பணியாளர், வாணியம்பாடி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். டேனரிகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்த மாணவி தலையைக் குனிந்ததைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் தொழிலைக் குற்றத்திலிருந்து தொடங்காமல் பொருளிலிருந்து தொடங்குங்கள். இறைச்சிக்காக வெட்டப்படும் ஆட்டின், மாட்டின் தோலை யாரும் எடுக்காவிட்டால் அது அழுகும். அதை அழுகாமல் நிறுத்தி, பல ஆண்டுகள் உழைக்கும் பொருளாக மாற்றுவது ஒரு கைத்திறன். முற்காலத்தில் நம் ஊர்களில் ஆவாரம் பட்டையை ஊறவைத்தே தோலைப் பதப்படுத்தினார்கள். பிறகு குரோமியம் உப்பு வந்தது, வேலை விரைவாக முடிந்தது, கழிவின் தன்மையும் மாறியது. இந்த வரலாற்றைச் சொன்னால், தொழில் வேறு, அதைச் செய்யும் முறை வேறு என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

எல்லோரும் குரோமியத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் பெருங்கேடு செய்ததில் சாதாரண உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன்மேல் உப்பைக் கொட்டித்தான் அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் நிலத்தில் விடப்பட்ட காலத்தில்தான் கிணறுகள் உவர்த்தன, தென்னை காய்த்தது குறைந்தது. வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம். இரண்டு தொட்டிகளில் பச்சைப்பயறு விதையுங்கள். ஒன்றுக்கு நல்ல நீரும் மற்றொன்றுக்கு உப்பு கரைத்த நீரும் ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் இரண்டாவது தொட்டியில் பயிர் வாடும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் உப்பு தடுக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஊரின் வெவ்வேறு கிணற்று நீரைத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் காயவைத்தால், அடியில் தங்கும் வெள்ளைப் படிவின் அளவும் வேறுபடும்.

எங்கள் நிலையத்தைப் பற்றி ஒரு செய்தி, சூழலியல் பாடத்துக்கே உதவும். கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பகுதி வேலையை நாங்கள் செய்வதில்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் செய்கின்றன. காற்றூட்டும் தொட்டியில் இரவும் பகலும் காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்போம். அந்தக் காற்றைக் கொண்டு நுண்ணுயிரிகள் நீரிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தின்று பெருகுகின்றன. திடீரென்று அளவுக்கு மீறி உப்போ குரோமியமோ உள்ளே வந்துவிட்டால் அவை சுருண்டுவிடும். தொட்டியின் நிறமும் நுரையும் மாறும், வாடையே சொல்லிவிடும். மறுபடி அவை பெருகி வரும்வரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஆனால் எந்த நுண்ணுயிரியும் உப்பைத் தின்னாது. அதனால்தான் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சேரும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் பெரும் தலைவலி. தோலை ஊறவைக்கும் முன்பே உதறி உப்பைத் தனியாக எடுத்துவிட்டால் சுமை ஓரளவு குறையும். பயன்படுத்திய குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் உண்டு. உங்கள் மாணவியின் தந்தை உதறும் பிரிவில் வேலை செய்பவராகவோ குரோமிய மீட்பில் வேலை செய்பவராகவோ இருந்தால், ஆற்றைக் காக்கும் வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. அவரையே பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லலாம். அந்தப் பெண் தலை நிமிர இதைவிட வழி எனக்குத் தெரியவில்லை.

நடந்த கேட்டை மறைக்க வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், டேனரிகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உள்ளவை. மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. இந்தியா முழுவதும் சட்டம் படிப்பவர்கள் வேலூரின் பெயரை இந்த வழக்கால்தான் அறிகிறார்கள். நம் மண்ணின் சாதாரணக் குடிமக்கள் நீதிமன்றம் வரை போய் நாட்டுக்கே ஒரு சட்டநெறியைப் பெற்றுத் தந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் பெருமையாகவே கற்க வேண்டும்.

கழிவைச் சுத்திகரிக்காமல் விடுவது என்று முடிவெடுப்பவர் தொழிலாளி அல்ல, ஆனால் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே. 2015 ஜனவரி மாத இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, சேற்றுக்குழம்பு பாய்ந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் இறந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், சிறியவர்களுக்கு வேண்டாம். ஊரின் சாக்கடைக்கும் குப்பைக்கும் மணல் கொள்ளைக்கும் பாலாற்றைக் கெடுத்ததில் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் டேனரி வீட்டுப் பிள்ளை மட்டும் பழியைச் சுமக்கும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பாலாற்றங்கரை ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காற்றூட்டும் தொட்டியைப் பற்றி எழுதியது, நுண்ணுயிரிகள் பாடத்தையும் மாசுபாடு பாடத்தையும் ஒன்றாக இணைக்க எனக்கு வழிகாட்டிவிட்டது. உப்புநீர்ச் சோதனையை இந்த வாரமே தொடங்குகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் ஊரில் சிலர் ஏரிக்குள்ளேயே விதைப்பந்து வீசலாம், புங்கன் கன்று நடலாம் என்று ஆர்வத்தோடு முன்வருகிறார்கள். அது சரியா? மேலும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு, இழப்பீடு போன்றவை புரியுமா?

பதில் 3
எழுதியவர்: அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். ஏரிக்குள் மரம் வேண்டவே வேண்டாம். ஏரியின் உட்பகுதி தண்ணீருக்கும், தண்ணீர் வற்றியபின் கோரைக்கும் புல்லுக்கும், அங்கே வந்து இரை தேடும் பறவைகளுக்கும் உரியது. கரையோரத்துப் புதர்க்காட்டையும் வெற்று நிலம் என்று நினைத்து அழித்து மரம் வைக்காதீர்கள். கௌதாரியும் முயலும் உடும்பும் அந்தப் புதரை நம்பித்தான் இருக்கின்றன.

கரையில் பனை வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும்போது கொட்டைகளைப் பிள்ளைகளே பொறுக்கி, கரையின் வெளிப்பக்கச் சரிவில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டால் போதும், தண்ணீர் ஊற்றவோ கூண்டு கட்டவோ தேவையில்லை. முதலில் வேர்தான் கீழே இறங்கும், இலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும், மரமாக ஒரு தலைமுறையே ஆகும். அந்தக் காத்திருப்பைப் பிள்ளைகள் கற்பது நல்லது. மற்றக் கன்றுகளை ஜூனில் நடாதீர்கள். ஜூன் 5 அன்று விதைகளைப் பையில் போட்டு நாற்றங்கால் அமைக்கச் சொல்லுங்கள்; புரட்டாசி கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் நட்டால் பெரும்பாலானவை பிழைக்கும். வேலூர் வெயிலில் தப்பிக்கக் கன்றுக்கு ஒரு மழைக்காலமாவது வேண்டும்.

பள்ளி வளாகத்தில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் எருக்கும் ஆவாரமும் இருக்கட்டும். எலுமிச்சை இலையில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் முட்டைகள் இருக்கும். அதிலிருந்து வரும் புழு முதலில் பறவை எச்சத்தைப் போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் இலையின் பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடையை விடும். இதைப் பார்த்த என் பேத்தி, இலை ஓட்டையாகிறதே என்று மருந்தடிக்கப் போன அவள் தந்தையைத் தடுத்துவிட்டாள். வெந்தய நிறத்தில் கறுப்பு வரி போட்ட வண்ணத்துப்பூச்சி எருக்கில் முட்டையிடும். ஆவாரத்தில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் நடக்காது என்பதைப் பிள்ளைகள் இங்கேயே கற்றுக்கொள்வார்கள்.

பதில் 4
எழுதியவர்: சத்துவாச்சாரி பெற்றோர்

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. நகரத்தில் வாழும் எங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் நல்ல ஏரி இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சுற்றுச்சூழல் என்ற பெயரில் பிள்ளைகளின் தலையில் பெரியவர்களின் கடமையை ஏற்றிவிடுகிறோமோ என்று அஞ்சுகிறேன். உலகம் அழியப் போகிறது என்று பள்ளியில் கேட்டுவிட்டு வந்து இரவில் உறங்காமல் இருந்த குழந்தையை என் வீட்டிலேயே பார்த்தேன். பத்து வயதுப் பிள்ளையால் சாக்கடையைத் திருப்பிவிட முடியாது. முடியாத ஒன்றைச் சொல்லி அச்சுறுத்தாமல், கைக்கு எட்டும் வேலையைக் கொடுங்கள். பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் காய்கறிக் கழிவை மட்கவைத்து உரமாக்குவது அப்படிப்பட்ட வேலை. ஒரு குழியில் வாழை இலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பால் பாக்கெட் உறை ஆகியவற்றைப் புதைத்து, அவ்வப்போது தோண்டிப் பார்த்தால், எது மண்ணாகிறது, எது அப்படியே கிடக்கிறது என்பது யாரும் சொல்லாமல் விளங்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் அரசு ஏன் தடை செய்தது என்பதற்கு அந்தக் குழியே விடை சொல்லும். சித்திரை வெயிலில் வேப்ப மரத்தடியிலும் தார்ச் சாலையிலும் ஒரே நேரத்தில் வெப்பமானியை வைத்து அளப்பதும் நகரப் பள்ளிகளுக்கு ஏற்றது.

அன்பு காட்டுகிறோம் என்று பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்க்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடி

சத்துவாச்சாரி அன்பர் சொன்ன அச்சம் உண்மையானது, அதை நானும் ஏற்கிறேன். அதனால்தான் சிறிய வகுப்புகளில் அழிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் உயிரைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். ஆறாம் வகுப்பு முழுவதும் ஏரியும் புழுவும் பறவையும் போதும். கார்த்திகை, மார்கழியில் நீலச்சிறகி வாத்துகள் தொலைதூர வடநாடுகளிலிருந்து வந்து இறங்குவதையும், பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் தங்கள் ஏரியின் பட்டியலும் சேர்வதையும் அவர்கள் அறியட்டும். மணலும் கிணறும் ஏழாம் வகுப்புக்கு உரியவை. தோல், உப்பு, தீர்ப்பு ஆகியவற்றை எட்டாம் வகுப்பில் எடுங்கள். அந்த வயதில் நீதி பற்றிய கேள்வி பிள்ளைகளுக்குத் தானாகவே எழும். தன் ஏரியை இரண்டு ஆண்டுகள் நேசித்த பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பு எதற்காக என்று விளக்கவே வேண்டியிருக்காது.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பிள்ளைகள் எழுதும் குறிப்பேடுகளை மதிப்பெண்ணுக்காகத் திருத்தாதீர்கள். தேதி, இடம், நீர் எவ்வளவு, எதைப் பார்த்தேன் என்ற நான்கும் இருந்தால் போதும். அவற்றைப் பள்ளியிலேயே பத்திரப்படுத்தி வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, முன்பு எப்போது இப்படி ஓடியது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எழுதி வைத்த பள்ளி ஒன்று இருந்தால் அந்த ஊருக்கே அது பயன்படும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பாலாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ஏரிக்குள் நடும் எண்ணத்தைக் கைவிட்டு, கரையின் வெளிச்சரிவில் பனங்கொட்டை புதைக்கலாம் என்று ஊராட்சியில் பேசிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். மாணவியின் தந்தையிடமும் பேசினேன். அவர் குரோமிய மீட்புப் பிரிவில்தான் வேலை செய்கிறாராம். ஒரு ஞாயிறு விடுப்பை மாற்றிக்கொண்டு வார நாளில் வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன பேச வேண்டும் என்று கேட்டார், அன்றாடம் செய்யும் வேலையை அப்படியே சொன்னால் போதும் என்றேன்.

மதகுப் பக்கம் மாதந்தோறும் செல்வதற்கான அனுமதிக் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். நீர்ப்பறவைகளை அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் குடியாத்தம், ஆம்பூர், பள்ளிகொண்டா பக்கம் இருந்தால், மார்கழியில் ஒரு காலை நேரம் எங்களோடு வர இயலுமா என்று இங்கேயே தெரிவியுங்கள். பள்ளியில் தொலைநோக்கி இல்லை. வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.